செய்மதி வானொலியும் மார்ட்டீன் றொத்பிளாற் அம்மையாரும்

இராப்போசனத்தின் பின் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, திருகியை மெல்ல மெல்லத் திருப்பித் தொலைநாட்டு நிலையம் ஒன்றைத் தேடிப் பிடித்த அனுபவம் நம்மில் மூத்தோர் பலருக்கு உண்டு. இரைச்சலுக்கும் சீழ்க்கைக்கும் நடுவே ஒரு குரல் தெளிவதும், தெளிந்த குரல் மறுகணமே தேய்ந்து மறைவதும் சிற்றலை ஒலிபரப்பின் இயல்பாகும். வானில் உயரே உள்ள அயனமண்டலத்திற் பட்டுத் தெறித்து மீளும் அலைகளையே நாம் கேட்டோம். அம்மண்டலமோ பகலில் ஒரு தன்மையும் இரவில் வேறொரு தன்மையும் உடையது. இலங்கை வானொலி பாரத தேசம் எங்கணும் கேட்கப்பட்டது இந்தத் தெறிப்பின் புண்ணியத்தாலேயாம். பின்னர் வந்த பண்பலை தெளிவைத் தந்ததேயன்றித் தொலைவைத் தரவில்லை. அதன் அலைகள் அடிவானத்துக்கு அப்பாற் செல்ல மாட்டா. தெளிவும் தொலைவும் ஒருங்கே வேண்டுமாயின் ஒலிபரப்பியையே வானத்துக்கு ஏற்றிவிடுதல் வேண்டும். இதனை ஒரு வாணிகமாகவே நடத்தலாம் எனத் துணிந்து, 1990ஆம் ஆண்டிலே அதற்கெனக் கம்பனி அமைத்தவர் ஒரு பொறியியலாளர் அல்லர், சட்டத்தரணி. அவரே ஈண்டுப் பேசப்படும் மார்ட்டீன் றொத்பிளாற் அம்மையார் ஆவர்.

அம்மையார் 1954ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் பல் வைத்தியர். வளர்ந்தது தென் கலிபோர்ணியாவில். ஆண் குழந்தை எனப் பதியப்பெற்று நாற்பது ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்து, 1994ஆம் ஆண்டிலே தாம் பெண் என்பதை உலகறியச் சொல்லிப் பெயரும் உருவும் மாற்றிக்கொண்டார். அம்மாற்றத்துக்கு முன்னைய செய்திகளைக் கூறும் இடத்தும் இக்கட்டுரை அவரை அம்மையார் என்றே குறிக்கும். ஒருவரை அவர் ஏற்ற பெயரால் வழங்குதல் மரியாதை என்பது ஒருபுறம் இருக்க, வாசகர் மயங்காமைக்கும் அதுவே நன்று.

பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு இடையில் நிறுத்தி ஊர் சுற்றப் புறப்பட்டார். ஐரோப்பா, துருக்கி, ஈரான், கென்யா எனச் சென்ற பயணம் 1974ஆம் ஆண்டுக் கோடையிலே சீசெல்ஸ் தீவுகளில் வந்து நின்றது. நமது தீவு கிடக்கும் அதே இந்து சமுத்திரத்தின் மேற்குப் பாகத்தில் உள்ள அத்தீவுகளிலே, மாகே என்பதில், அமெரிக்கர் தம் செய்மதிகளைக் கண்காணிக்கும் நிலையம் ஒன்று அந்நாளில் இருந்தது. அதனுட் சென்று பார்த்த இளைஞர்க்கு வாழ்நாள் முழுதும் விடாத எண்ணம் ஒன்று பற்றியது: செய்மதிகளினாலே உலகத்தை ஒன்றாகப் பிணித்துவிடலாம் என்பதே அவ்வெண்ணம். உடனே ஊர் திரும்பி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் படிப்பைத் தொடர்ந்தார். 1977இல் தொடர்பாடற் பட்டம். அதற்கு எழுதிய ஆய்வும் நாடுவிட்டு நாடு செல்லும் செய்மதி ஒலிபரப்பைப் பற்றியதே. 1981இல் சட்டமும் வணிக முகாமைத்துவமும் ஒருங்கே முடித்தார்.

செய்மதியிலே மோகங்கொண்ட ஒருவர் பொறியியலை விட்டுச் சட்டம் பயின்றது ஏன் என்ற ஐயம் வாசகர்க்கு எழலாம். அம்மையாரின் தொழில் வாழ்க்கை முழுவதையும் விளக்கும் திறவுகோல் இவ்வையத்துக்கான விடையிலேயே உள்ளதாதலின் இங்குச் சற்றுத் தரித்துச் செல்வோம்.

வானொலி அலை, ஒளி, ஊடுகதிர் என்பன யாவும் ஒரே வகை மின்காந்த அலைகளே. ஒன்றிலிருந்து மற்றொன்று மீடிறனால் மட்டும் வேறுபடும். குறைந்த மீடிறனிலிருந்து கூடிய மீடிறன்வரை அவ்வரிசை இடையறவின்றிச் செல்கின்றது. இயற்கை அதிலே எவ்விடத்தும் வேலி இடவில்லை. ஆயினும் இரண்டு நிலையங்கள் ஒரே இடத்தில் ஒரே மீடிறனிற் பேசினால் இரண்டும் கேளா. ஆகவே மனிதர் கூடி, இது கப்பலுக்கு, இது விமானத்துக்கு, இது இராணுவத்துக்கு, இது வானொலிக்கு என்று பங்கிட்டுக் கொண்டனர். உலக அளவில் இப்பங்கீட்டைச் செய்வது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அமெரிக்காவினுள்ளே உரிமம் வழங்குவது கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு. செய்மதி ஒன்றைச் செய்து விண்ணிலேற்றப் பணமும் பொறியியலாளரும் போதும். அச்செய்மதி வாய் திறப்பதற்கோ அனுமதி வேண்டும். அனுமதி கேட்கவோ, கேட்கப்படும் மீடிறனை ஏலவே அனுபவித்து வருவோர் எல்லாரும் எதிர்த்து நிற்பர். இந்த இடத்திலேதான் சட்டத்தரணியின் கை ஓங்குகின்றது.

வாஷிங்ரன் நகரிலே ஒரு சட்ட நிறுவனத்திற் சேர்ந்து, தொலைக்காட்சி ஒளிபரப்பாளருக்காக அவ்வாணைக்குழுவின் முன் தோன்றிய காலத்தில் அம்மையார் இக்கலையைக் கற்றார். அடுத்த ஆண்டே அதை விட்டு மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வானியல் படிக்கப் போனார். படிப்பு நீடிக்கவில்லை. அமெரிக்க விண்வெளி நிலையமாகிய நாசாவும், வானொலி வானியலாளர் கேட்கும் அமைதியான மீடிறன்களைக் காக்க விரும்பிய தேசிய விஞ்ஞானக் கழகமும் அவரைத் தம் வழக்குகளுக்கு அமர்த்திக்கொண்டன. பின்னர் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஜெராட் ஓநீல் தொடங்கிய ஜியோஸ்டார் என்னும் கம்பனியிற் சேர்ந்தார். ஓடும் பாரவண்டி எங்கே நிற்கின்றது என்று செய்மதியால் அறிந்து சொல்லும் முயற்சி அது. இன்று கைத்தொலைபேசிதோறும் இருக்கும் வசதியை அன்று காசுகொடுத்து வாங்கப் போதிய பேர் இருக்கவில்லை. 1986 முதல் 1990 வரை அதன் தலைவராக இருந்து அம்மையார் விலகினார். மறு ஆண்டிலே கம்பனி முறிந்தது. எனினும் அங்கிருந்து அவர் இரண்டு செல்வங்களைக் கொண்டுபோனார். ஒன்று, சிறிய உணர்கொம்பு ஓடும் வாகனத்தின் மேலிருந்தும் செய்மதியோடு பேசும் என்ற அறிவு. மற்றொன்று, றொபேட் பிறிஸ்க்மன் என்னும் பொறியியலாளர்.

1990ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘சற்றலைற் சிடி றேடியோ’ என்ற கம்பனி பதியப்பெற்றது. செய்மதியிலிருந்து நேரே மோட்டார் வண்டிக்கு இசை வழங்க மீடிறன் தருக என்ற மனுவும் அதே மாதத்தில் ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட்டது. ஊர்தோறும் இயங்கிய வானொலி நிலையங்கள் ஒன்று திரண்டு எதிர்த்தன. தேசம் முழுவதற்கும் ஒரே வானொலி கேட்குமாயின் ஊர் நிலையத்தை யார் கேட்பார், அதற்கு விளம்பரம் யார் தருவார் என்பது அவர்தம் வாதம். அது வெறும் பொறாமை வாதம் அன்று. ஊர்ச் செய்தி ஊர் வானொலியிலேயே வரும் என்பது உண்மைதானே. 1992ஆம் ஆண்டு ஸ்பெயின் தேசத்தில் நடந்த உலக மாநாடு செய்மதி ஒலிபரப்புக்கு மீடிறன் ஒதுக்கிற்று. உலகின் பெரும்பாகத்துக்கு 1452 முதல் 1492 மெகாஹேட்ஸ் வரை. அமெரிக்காவிலோ அவ்விடத்தை இராணுவ விமானப் பரிசோதனைகள் பிடித்திருந்தமையால் 2310க்கு மேலே. உள்நாட்டு ஒதுக்கீடு 1995இல் வந்தது. உரிமங்கள் 1997 ஏப்பிரலில் ஏலத்தில் விடப்பட்டன. கம்பனி ஏறக்குறைய 8.3 கோடி டொலர் கொடுத்து ஒன்றைப் பெற்றது. மனுக் கொடுத்தபின் ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த ஏலத்தின்போது அம்மையார் அங்கே இல்லை என்பது கவனிக்கற்பாலது. 1992ஆம் ஆண்டளவிலே டேவிட் மார்கொலீஸ் என்பவரிடம் தலைமையைக் கொடுத்துவிட்டு அவர் விலகியிருந்தார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் பிறர். பின்னர் சிரியஸ் எனப் பெயர் பூண்ட அக்கம்பனி 2000ஆம் ஆண்டில் மூன்று செய்மதிகளை ஏவியது. அவற்றின் ஒழுக்கு விந்தையானது. கொழும்பிலே நெடுங்காலம் வாழ்ந்த ஆதர் கிளாக் 1945இல் எழுதிய கட்டுரையால் யாவரும் அறிந்தது, மத்தியகோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள வட்ட ஒழுக்கு. அதிலே செல்லும் செய்மதி பூமியோடு சேர்ந்து சுழல்வதால் வானில் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும். நம் போன்று மத்தியகோட்டுக்கு அண்மையில் வாழ்வோர்க்கு அது உச்சியை ஒட்டி நிற்கும். வட அமெரிக்கருக்கோ தென் திசையிலே தாழ்ந்து நிற்கும்; மரமும் மாடமும் மறைக்கும்; ஓடும் வண்டியிற் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். ஆகையால் பிறிஸ்க்மன் முதலியோர் நீள்வளைய ஒழுக்கைத் தெரிந்தனர். அவ்வொழுக்கிற் செல்லும் ஒவ்வொரு செய்மதியும் நாளில் 16 மணி நேரம் மத்தியகோட்டுக்கு வடக்கே நிற்கும். மூன்று மாறி மாறி வருவதால் எந்நேரமும் ஒன்றேனும் அமெரிக்கரின் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும். மற்ற உரிமத்தைப் பெற்ற எக்ஸ்எம் கம்பனியோ நிலைத்த செய்மதிகள் இரண்டையே வைத்துக்கொண்டு, நகரங்களிலே நிலத்தில் மீள்பரப்பிகளை நாட்டி அக்குறையைப் போக்கிற்று.

இனி அம்மையாரின் சொந்த வாழ்வுக்கு வருவோம். 1982இல் பீனா அஸ்பென் என்னும் பெண்மணியை மணந்திருந்தார். இருவருக்கும் முன்னரே ஒவ்வொரு குழந்தை, பின்னர் இரண்டு, நால்வரையும் இருவருமே தம் மக்களாக வளர்த்தனர். 1994இல் நிகழ்ந்த மாற்றத்தின் பின்னரும் அவ்விருவர் பிரியவில்லை. அடுத்த ஆண்டிலே அம்மையார் ஒரு நூல் வெளியிட்டார். தென் ஆபிரிக்காவில் அப்போதுதான் ஒழிந்திருந்த நிறவொதுக்கலின் பெயரையே பால்வேறுபாட்டுக்குச் சூட்டியது அந்நூலின் தலைப்பு. பிறந்த குழந்தையை நோக்கி ஆண் என்றோ பெண் என்றோ அரசு முத்திரையிட்டு, அம்முத்திரைக்கேற்ப அதன் உரிமைகளையும் கடமைகளையும் வகுப்பது, தோலின் நிறங்கண்டு மனிதரைப் பிரித்த சட்டத்தை ஒத்ததே என்பது அவர் கொள்கை. பாலியல்பு இரண்டு பெட்டிகளன்று, நிறங்களைப்போல ஒன்றிலொன்று கலந்து செல்வது என்றும் அவர் வாதிட்டார்.

மீடிறன்களைப் பங்கிடும் சட்டத்தில் ஊறிய மூளையே இதனை எழுதியது என்பது வாசிப்போர்க்குப் புலனாகும். இயற்கையில் இடையறாது செல்லும் ஒன்றிலே மனிதர் வசதிக்காகக் கோடு கிழித்தனர். கிழித்த கோட்டை மனிதரே மாற்றலாம். இவ்வொப்புமை அழகியதெனினும் முற்றும் பொருந்துமா? வானொலியிலே எல்லை இன்றேல் நிலையத்தை நிலையம் அழிக்கும். அங்கே எல்லைக்கு வலுவான காரணம் உண்டு. ஒருவர் தம்மைப் பெண் என்று கொள்வதால் மற்றொருவரின் குரல் அமுங்குகின்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அமுங்குகின்றது என்பார்தாம் அதனை நிறுவுதல் வேண்டும் என எமக்குத் தோன்றுகின்றது. ஆனால் ஒன்று: சட்டமும் செல்வமும் கைவந்தவர்க்கு இம்மாற்றம் இயன்றது. கடிதத்திலும் அடையாளச் சீட்டிலும் ஓர் எழுத்தை மாற்றுவதற்கே அலைந்து நொந்தவர்களின் நிலையை அவருடைய வெற்றியைக் கொண்டு அளத்தல் பொருந்தாது.

தமிழ் கற்போர்க்கு இவ்விடத்தே தொல்காப்பியம் நினைவு வருதல் இயல்பு. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கு வினைமுடிபு யாது என்ற வினாவைக் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் எடுத்துக்கொள்கின்றார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளே அவர்க்கும் உரியன என்றும் விதிக்கின்றார். ஈறு இல்லாமையைக் காட்டி அவரை அஃறிணைக்குத் தள்ளாமை நோக்குக. இக்காலத்து ‘அவர்’ என்னும் உயர்வுச்சொல்லோ பால் கேட்பதே இல்லை. இக்கட்டுரையை எழுதுவோனுக்கு அதனால் விளைந்த எளிமை ஆங்கிலத்தில் எழுதுவோர்க்குக் கிட்டாது.

அக்காலத்திலேயே இன்னொரு துயரம் அக்குடும்பத்தைச் சூழ்ந்தது. இளைய மகளுக்குச் சுவாசப்பை நாடிகளில் குருதியமுக்கம் மிகும் நோய் கண்டது. இதயத்தின் வலப்பக்கம் அவ்வமுக்கத்தை எதிர்த்து உழைத்துக் களைத்துவிடும் கொடிய நோய் அது. அன்றிருந்த மருந்து சில நிமிடங்களுக்குள் உடலில் அழிந்துவிடுவதாதலின் இரவுபகலாகக் குழாய் மூலம் இரத்தத்துக்குட் செலுத்தவேண்டும். உயிரியல் முறையாகப் படியாத அம்மையார் நூலகங்களில் இருந்து கற்றார். பெரிய மருந்துக் கம்பனி ஒன்று இலாபம் வராதெனக் கைவிட்டிருந்த மூலக்கூறு ஒன்றைக் கண்டு, அதன் உரிமையை வேண்டிப் பெற்றார். 1996இல் அவர் தொடங்கிய யுனைற்றெட் தெறப்பியூற்றிக்ஸ் கம்பனியின் மருந்துக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. சில மணிநேரம் உடலில் நிற்பதாகிய அம்மருந்தைத் தோலின் கீழே செலுத்தலாம். 2009இல் முகர்ந்து கொள்ளும் வடிவும், 2013இல் விழுங்கும் குளிசையும் வந்தன. மகள் பிழைத்து வளர்ந்து அதே கம்பனியிற் பணிபுரிந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் 2001இல் மருத்துவ ஒழுக்கவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றதும், மரபணு திருத்திய பன்றியின் இதயம் 2022 சனவரி 7ஆந் திகதி பால்ரிமோர் நகரில் ஒரு மனிதர்க்குப் பொருத்தப்பட்டபோது அவ்விதயம் இவருடைய துணைக்கம்பனி தந்ததாக இருந்ததும் தனிக் கட்டுரைக்கு உரியன. அந்நோயாளர் இரண்டு மாதம் உயிர்வாழ்ந்தார். மனைவியாரின் நினைவுகளைத் திரட்டி 2010இல் ஒரு பேசும் பொம்மைத்தலை செய்வித்து, மனித உள்ளத்தையே கணினியிற் பேணலாம் என்று அவர் எழுதுவனவற்றை நாம் அத்துணை நம்பவேண்டியதில்லை.

வானொலிக் கதைக்கே மீள்வோம். அமெரிக்காவுக்கென ஒரு கம்பனி அமைத்த அதே 1990ஆம் ஆண்டில், எதியோப்பியாவிற் பிறந்த நோவா சமாரா என்னும் சட்டத்தரணியுடன் சேர்ந்து வேர்ள்ட்ஸ்பேஸ் என்ற மற்றொரு முயற்சிக்கும் அம்மையார் வித்திட்டிருந்தார். சீசெல்சிற் கண்ட கனவுக்கு மிக அணித்தானது இதுவே. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் செய்தித்தாள் எட்டாத ஊர்களுக்கு, பாடங்களும் நோய்த்தடுப்பு அறிவும் வானிலிருந்து இறங்கவேண்டும் என்பது சமாராவின் நோக்கம். ஆபிரிஸ்டார் 1998 ஒக்ரோபரிலும் ஏசியாஸ்டார் 2000 மார்ச்சிலும் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்டன. ஏசியாஸ்டார் நின்ற இடம் கிழக்கு நெடுங்கோடு 105 பாகை. யாழ்ப்பாணத்திலிருந்து நோக்கின் கீழ்வானிலே 60 பாகை அளவு உயரத்தில் அது நின்றிருக்கும். முற்றத்துப் பனையும் அதனை மறைத்திராது.

இந்தியாவிலே இது நன்கு பரவிற்று. கம்பனியின் சந்தாதாரரிற் பெரும்பாலோர் இந்தியரே. தமிழுக்கென ஒரு வரிசையும், கர்நாடக இசைக்கென ஒன்றும் இருந்தன. அடையாள இசையை ஏ. ஆர். ரகுமான் அமைத்தார். பாட்டின் நடுவே விளம்பரம் புகாத வானொலியை அன்று கேட்டவர்கள் இன்றும் அதை ஏங்கிப் பேசுவர். இலங்கையிலோ அது வேறொரு பணிக்கு வந்தது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின், கடலோரக் கிராமங்களுக்கு ஆபத்தை முன்கூட்டி அறிவிப்பது எவ்வாறு எனச் சர்வோதயமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பரிசோதனை செய்தன. அதிலே தெரிந்துகொள்ளப்பட்ட கருவிகளுள் ஒன்று வேர்ள்ட்ஸ்பேஸ் செய்மதியோடு இயங்கும் எச்சரிக்கை வானொலி. குறித்த கிராமத்துப் பெட்டியை மட்டும் செய்மதி விளித்து அழைக்கவல்லது அது. தொலைபேசிக் கம்பி அறுந்த நேரத்தும் வானத்துக் கம்பி அறாது என்பதே அதன் சிறப்பு.

ஆயின் சந்தாப் பணம் செய்மதிச் செலவுக்கு ஈடாகவில்லை. அமெரிக்கப் பெட்டி மோட்டார் வண்டியினுள்ளேயே பொருத்தி விற்கப்பட்டது; வண்டி வாங்கியவன் வானொலியையும் வாங்கினான். வேர்ள்ட்ஸ்பேஸ் பெட்டியோ யன்னலோரத்திற் செய்மதியை நோக்கித் திருப்பி வைக்கப்படவேண்டியது. வீட்டிலே இலவசப் பண்பலையும் தொலைக்காட்சியும் அதனோடு போட்டியிட்டன. வறியோருக்கென எண்ணிய கருவியை வறியோரால் வாங்க முடியவில்லை. 2008 ஒக்ரோபரிலே கம்பனி முறிவு மனுக் கொடுத்தது. அதே ஆண்டு சூலையில் அமெரிக்காவில் சிரியசும் எக்ஸ்எம்மும் ஒன்றாகியிருந்தன. அவ்விணைப்பும் 2009 தொடக்கத்தில் முறியும் விளிம்புக்கே வந்து, லிபற்றி மீடியா கொடுத்த 53 கோடி டொலர்க் கடனால் தப்பிப் பிழைத்து, பின்னர் 3 கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரரைப் பெற்றது. மூத்த கனவுக்கு அத்தகைய கடன்காரர் ஒருவரும் வரவில்லை. 2009 திசெம்பர் 31ஆந் திகதியோடு இந்தியச் சேவை நிறுத்தப்பட்டது. முன்பணம் கட்டியிருந்தோரும் அன்றிரவோடு கேட்பதை விட்டனர். அப்பெட்டிகள் யன்னலோரங்களிலே கிழக்கு நோக்கியபடியே இருந்தன.